புனே தன் கப்பல்களை எரித்த கதை

புனேயிலிருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயிலில் மளவ்லி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ரயில் அங்கே காலியாகிவிடும். முதுகில் பையோடு இறங்கும் இளைஞர் கூட்டம் லோகட் கோட்டையை நோக்கி மலையேறும். வழியெல்லாம் சுட்ட சோளக்கதிர், சூடான வெங்காய பஜ்ஜி. கோட்டையின் ஒரு கோடியில் மலை முதுகு வாலாக நீண்டு போகிறது. அதற்குத் தேள் கொடுக்கு என்று மராத்தியில் பெயர். அதன் நுனிவரை நடந்து போய்ப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அங்கிருந்து பார்த்தால் மேகமும் பவனா அணைத் தண்ணீரும் தெரியும். கடல் தெரியாது.

கடல் தெரியாத இந்தக் கோட்டையை 1713இல் பிடித்தவர் ஒரு கடற்படைத் தளபதி.

அவர் பெயர் கன்ஹோஜி ஆங்ரே. அலிபாகின் கொலாபா கோட்டையில் இருந்துகொண்டு கொங்கணக் கரையை ஆண்டவர். சத்ரபதி சிவாஜியின் பேரன் ஷாஹுவுக்கும், மருமகள் தாராபாய்க்கும் இடையே நடந்த அரசுரிமைச் சண்டையில் அவர் தாராபாய் பக்கம் நின்றார். அவரை அடக்க ஷாஹு தன் பேஷ்வாவான பகிரோபந்த் பிங்ளேயை அனுப்பினார். பேஷ்வா என்றால் பிரதம மந்திரி. போனவர் திரும்பவில்லை. ஆங்ரே அவரைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தார். அத்தோடு நிற்காமல் மலையேறி வந்து லோகட், ராஜ்மாச்சி கோட்டைகளையும் வளைத்துப் போட்டார். அடுத்தது தலைநகரான சதாராதான் என்று பேச்சு கிளம்பியது.

ஷாஹு இன்னொருவரை அனுப்பினார். அவர் பாலாஜி விஸ்வநாத், கொங்கணத்துக்காரர். படையை நம்பாமல் பேச்சை நம்பியவர். அவருக்கு அப்போதுதான் பேஷ்வா பதவி கொடுக்கப்பட்டிருந்தது. லோனாவ்லா பக்கம் இருவரும் சந்தித்தார்கள். 1714இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆங்ரே ஷாஹுவை அரசராக ஏற்றுக்கொண்டார், பிங்ளேயை விடுவித்தார். பதிலுக்கு கடற்படைத் தலைவர் என்று பொருள்படும் 'சர்கேல்' பட்டமும் கரையோரத்துக் கோட்டைகளும் அவருக்கு உறுதி செய்யப்பட்டன. அதாவது, இந்தியாவின் மேற்குக் கரையில் மராட்டிய அரசின் பெயரால் கடலில் கப்பலைச் சோதிக்கவும், வரி வாங்கவும், கொடுக்காதவரைப் பிடிக்கவும் அதிகாரம் பெற்ற ஒருவர் இருந்தார். கையில் அரசாங்கக் காகிதமும் இருந்தது.

பம்பாயில் இருந்த ஆங்கிலேயர்கள் அவரைக் கடற்கொள்ளைக்காரர் என்றார்கள். பள்ளிக்கூடப் புத்தகங்கள் வரை அந்தப் பெயர் வெகுகாலம் நீடித்தது.

இப்படிச் சொன்னவர்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன் உலகத்தின் பணக்கார நாடு ஸ்பெயின். தென் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி கப்பல் கப்பலாக அங்கே போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்திடம் வெள்ளியும் இல்லை, பெரிய கடற்படையும் இல்லை. ஆனால் துணிந்த மாலுமிகள் இருந்தார்கள். வியாபாரிகளும் பிரபுக்களும் பணம் போட்டுக் கப்பலைத் தயார் செய்வார்கள். எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்கலாம் என்று அரசாங்கம் ஒரு கடிதம் கொடுக்கும். பிடித்து வந்த சரக்கைக் கடற்படை நீதிமன்றம் மதிப்பிட்டு, பத்தில் ஒரு பங்கை அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தைக் கப்பல்காரர்கள் பிரித்துக்கொள்வார்கள். இவர்களுக்கு 'பிரைவேட்டியர்' என்று பெயர். கடிதம் இருந்தால் தேசபக்தர், இல்லாவிட்டால் தூக்குமரம்.

இந்தக் கூட்டத்தின் நாயகன் பிரான்சிஸ் டிரேக். 1579இல் ஈக்வடார் கரைக்கு அப்பால் ஒரு ஸ்பானியக் கப்பலை மடக்கி, அதிலிருந்த 26 டன் வெள்ளியையும் தங்கத்தையும் தன் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். அப்போது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் முறைப்படி போரே அறிவிக்கப்படவில்லை. எனவே டிரேக்கின் காகித பலம் சந்தேகத்துக்குரியது. அதனால் என்ன? 1580இல் ஊர் திரும்பியதும் கொள்ளையில் மகாராணி எலிசபெத்துக்குப் பெரும் பங்கு போய்ச் சேர்ந்தது. 1581இல் டெட்ஃபோர்டில் அதே கப்பலின் மேல்தளத்தில் டிரேக்குக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஸ்பானியர்கள் அவரை 'டிராகன்' என்று சபித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கொள்ளை மரபிலிருந்துதான் நம் ஊர்க் கதையும் கிளைக்கிறது. 1592இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ஆங்கிலேயர்கள் 'மாத்ரே தே தேயுஸ்' என்ற பிரம்மாண்டமான கப்பலைப் பிடித்தார்கள். போர்த்துகல் அப்போது ஸ்பெயின் அரசரின் கீழ் இருந்தது. இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் கப்பலில் மிளகு, கிராம்பு, பட்டு, ரத்தினம் எல்லாம் அடைந்து கிடந்தன. டார்ட்மவுத் துறைமுகத்துக்கு வந்து சேர்வதற்குள் மாலுமிகள் ஆளுக்கொரு மூட்டை சுருட்டிவிட்டார்கள் என்பது தனிக்கதை. கீழ்த்திசை வியாபாரத்தில் எவ்வளவு பணம் என்பதை லண்டன் வியாபாரிகள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டே ஆண்டுகளில், 1600இல், கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது.

கம்பெனியின் முதல் கடற்பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லங்காஸ்டர் யார்? 1595இல் பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தைச் சூறையாடிய பிரைவேட்டியர். அவர் ஏறிவந்த 'ரெட் டிராகன்' கப்பல்? ஸ்பானியர்களை வேட்டையாடவென்றே கம்பர்லண்ட் பிரபு கட்டிய கப்பல்தான். கம்பெனி வாங்கிப் பெயர் மாற்றும்வரை அதன் பெயர் 'வன்மத்தின் சவுக்கு' என்று அர்த்தம் தரும். முதல் பயணத்திலேயே மலாக்கா ஜலசந்தியில் ஒரு போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்து லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் லங்காஸ்டர்.

இந்தக் கம்பெனிதான் ஆங்ரேயைக் கொள்ளைக்காரர் என்றது.

ஆங்ரே செய்தது என்ன? கொங்கணக் கடலில் போகும் வணிகக் கப்பல்கள் அவரிடம் பணம் கட்டி 'தஸ்தக்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்காத கப்பலைப் பிடித்துச் சரக்கை எடுத்துக்கொள்வார். இது அவர் கண்டுபிடித்தது அல்ல. இந்தியப் பெருங்கடலில் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிக்கும் வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே நிலைநாட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். கம்பெனியும் இந்திய வியாபாரிகளின் கப்பல்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஐரோப்பியர் சீட்டுக் கொடுத்தால் சட்டம், அந்தக் கரையிலேயே பிறந்தவர் கொடுத்தால் கொள்ளை.

தகராறின் வேர் அதைவிடச் சின்ன இடத்தில் இருந்தது. கம்பெனியின் சொந்தக் கப்பல்களைத் தொடுவதில்லை என்று 1713இல் ஆங்ரே ஒப்புக்கொண்டார். ஆனால் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தைவிடச் சொந்த வியாபாரத்தை நம்பியவர்கள். தங்கள் சரக்கையும், வேண்டப்பட்ட இந்தியத் தரகர்களின் சரக்கையும் கம்பெனிக் கொடியின் கீழ் ஏற்றினார்கள். கொடி ஆங்கிலேயருடையது, சரக்கு யாருடையது என்று ஆங்ரே கேட்டார். எந்த சுங்க அதிகாரியும் கேட்கக்கூடிய கேள்விதான்.

1724இல் பம்பாய் கவர்னர் வில்லியம் ஃபிப்ஸுக்கும் ஆங்ரேக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. பிறர் பொருளைப் பறித்து வாழ்வதாக கவர்னர் குற்றம் சாட்ட, பேராசையிலிருந்து வியாபாரிகளும் தப்பவில்லை, உலக வழக்கமே அதுதானே என்ற பாணியில் பதில் போயிற்று. சிவாஜி மகாராஜா ராஜ்யம் அமைத்ததும் போரிட்டுத்தான் என்று சேர்த்துக்கொண்டார். பதில் எழுதத் தெரிந்த 'கொள்ளைக்காரர்'.

சண்டை போடவும் தெரிந்தவர். அவருடைய கப்பல்கள் ஐரோப்பியக் கப்பல்களைப் போல உயர்ந்தவை அல்ல. இரண்டு மூன்று பாய்மரங்களோடு, ஆழம் குறைந்த தண்ணீரிலும் ஓடக்கூடிய 'குராப்', அதைவிடச் சிறிய 'கல்பத்' ஆகிய இரண்டும்தான் முக்கியம். குராபின் முகப்பு தாழ்வாக நீண்டிருக்கும். அதன் வழியே இரண்டு பெரிய பீரங்கிகள் நேர் முன்னே சுடும். கல்பத்தில் நாற்பது ஐம்பது துடுப்புகள். காற்று நின்றுபோனால் ஐரோப்பியக் கப்பல் நடுக்கடலில் மரம்போல நிற்கும். அப்போது கல்பத்துகள் குராப்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, எதிரியின் பின்புறமாக நிறுத்தும். பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி வைத்த கப்பலுக்குப் பின்பக்கம்தான் பலவீனம். முதலில் பாய்மரத்தை உடைப்பார்கள், பிறகு நாலா பக்கமும் சூழ்ந்து ஏறிக் குதிப்பார்கள். வாய்ப்பில்லை என்றால் ஆழமில்லாத கழிமுகத்துக்குள் ஓடி மறைவார்கள். பெரிய கப்பல் துரத்தினால் தரைதட்டும்.

இந்த உத்தியில் 1712இல் பம்பாய் கவர்னர் ஏஸ்லபியின் சொந்த ஆயுதப் படகே மாட்டிக்கொண்டது. அதில் கார்வார் பண்டகசாலையின் தலைவர் சௌன் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். அவருடைய இளம் மனைவி கேத்தரின் சிறைப்பட்டார். ரூ.30,000 கொடுத்து மீட்டார்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை சினிமாவாக எடுத்தால் நம்பமாட்டார்கள். அடுத்து அவர் மணந்த கிஃபோர்ட், கேரளத்தின் அஞ்சுதெங்கு கோட்டைக்குத் தலைவரானார். 1721இல் ஆற்றிங்கலில் மக்கள் கொதித்தெழுந்தபோது கொல்லப்பட்டார். கேத்தரின் படகேறிச் சென்னைக்குத் தப்பி வந்தார்.

கவர்னர் சார்லஸ் பூன் காலத்தில் பம்பாய்க்காரர்கள் ஆங்ரேயின் கோட்டைகள் மேல் வரிசையாகப் படையெடுத்தார்கள். 1717இல் விஜயதுர்க், அடுத்த ஆண்டு காந்தேரி, 1720இல் மறுபடியும் விஜயதுர்க். எல்லாம் தோல்வி. கடைசி முயற்சிக்காக 'பிராம்' என்று ஒரு மிதக்கும் பீரங்கி மேடையையே கட்டிக்கொண்டு போனார்கள். சுடும் துளைகளை மிகத் தாழ்வாக வைத்துவிட்டதால் குண்டுகள் கோட்டைக்குப் பதில் தண்ணீரைத் தாக்கின என்று உடன்போன ஆங்கிலேய மாலுமி கிளெமென்ட் டௌனிங் எழுதி வைத்திருக்கிறார்.

1721 டிசம்பரில் நடந்தது பெரிய முயற்சி. லண்டனிலிருந்து அரசாங்கக் கடற்படையின் நான்கு போர்க்கப்பல்கள் கமோடோர் தாமஸ் மேத்யூஸ் தலைமையில் வந்தன. போர்த்துகீசியரும் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவை முற்றுகையிட்டது சுமார் 6,000 பேர் கொண்ட கூட்டுப்படை. ஆங்ரே தனியாக இருந்திருந்தால் என்னவாகியிருக்குமோ தெரியாது. ஆனால் மலைக்கு மேலிருந்து மராட்டியக் குதிரைப்படை இறங்கி வந்தது. அனுப்பியவர் பாலாஜி விஸ்வநாத்தின் மகன், 21 வயதே ஆன பேஷ்வா பாஜிராவ். குதிரைகளைக் கண்டதும் போர்த்துகீசிய அணி உடைந்து ஓடியது. ஆத்திரம் தாங்காத மேத்யூஸ் போர்த்துகீசியத் தளபதியின் வாயில் தன் கைத்தடியைத் திணித்தாராம். இதுவும் டௌனிங் சொல்வதுதான். போர்த்துகீசியர்கள் பாஜிராவோடு தனியாக சமாதானம் செய்துகொள்ள, ஆங்கிலேயர்கள் வெறுங்கையோடு பம்பாய் திரும்பினார்கள். (இந்த மேத்யூஸின் கப்பலில்தான் விதவை கேத்தரின் பிற்பாடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.)

கடலில் கப்பல், கரையில் குதிரை. இரண்டும் சேர்ந்திருந்தவரை ஐரோப்பியர்களால் கொங்கணத்தில் காலூன்ற முடியவில்லை. 1729இல் இறந்தபோது கன்ஹோஜி எந்த ஐரோப்பியரிடமும் தோற்றிருக்கவில்லை.

பாஜிராவ் 1730இல் புனேயில் சனிவார் வாடா அரண்மனைக்கு அஸ்திவாரம் போட்டார். அதிகாரம் சதாராவிலிருந்து மெல்ல அங்கே நகர்ந்தது. கொங்கணத்திலோ ஆங்ரே குடும்பம் உடைந்துகொண்டிருந்தது. மூத்த மகன் சேகோஜி 1733இல் இறந்ததும், மானாஜி கொலாபாவிலும் சம்பாஜி தெற்கேயும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சமாதானம் செய்துவைக்க வேண்டிய பேஷ்வாக்களுக்கு இரண்டு பாதியாக இருப்பதே வசதியாகப் பட்டது. மானாஜியை ஆதரித்தார்கள். சம்பாஜிக்குப் பிறகு அவர் பகுதி தம்பி துளாஜியின் கைக்கு வந்தது.

துளாஜி நல்ல மாலுமி, மோசமான அரசியல்வாதி. 1749இல் ஆங்கிலேயரின் 'ரெஸ்டோரேஷன்' கப்பலைப் பிடித்தார். 1754இல் மூன்று டச்சுக் கப்பல்களோடு மோதி, இரண்டை அழித்து ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இதெல்லாம் தந்தை வழி. ஆனால் புனேக்குக் கப்பம் கட்ட மறுத்தார், பக்கத்து மராட்டியத் தலைவர்களின் நிலத்திலும் கைவைத்தார். பேஷ்வாவின் அதிகாரத்தையே ஏற்கவில்லை. அப்போது பேஷ்வா பதவியில் இருந்தவர் பாஜிராவின் மகன் பாலாஜி பாஜிராவ். நானாசாகேப் என்பார்கள். புனேயை ஊராக இருந்த நிலையிலிருந்து நகரமாக்கியவர், பர்வதி குன்றில் கோயில் எழுப்பியவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். அவருக்கு துளாஜி அடங்காத ஒரு பாளையக்காரர், அவ்வளவுதான்.

அடக்குவதற்குக் கப்பல் வேண்டும். கப்பல் இருந்தது பம்பாய்க்காரர்களிடம்.

பேஷ்வாவின் கொங்கண அதிகாரி ராமாஜி மகாதேவ் வழியாக 1755 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. தரையில் மராட்டியர், தண்ணீரில் ஆங்கிலேயர். கோட்டைகள் பேஷ்வாவுக்கு, பாண்கோட் துறையும் சில கிராமங்களும் கம்பெனிக்கு. தாத்தா பேசி முடித்ததை, தந்தை குதிரை அனுப்பிக் காத்ததைப் பேரன் எதிரியின் பீரங்கிக்கு ஒப்புக்கொடுத்தார். ஆங்கிலேயர் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த 'கொள்ளைக்காரர்' என்ற சொல்லுக்குப் புனேயிலிருந்தே ஒரு முத்திரை கிடைத்துவிட்டது. கன்ஹோஜியைக் கொள்ளைக்காரர் அல்ல என்று காட்டியது அவர் பின்னால் நின்ற அரசாங்கம்தான். அது விலகிக்கொண்டதும் துளாஜி கையில் காகிதம் இல்லை.

கமோடோர் வில்லியம் ஜேம்ஸ் ஏப்ரல் தொடக்கத்திலேயே சுவர்ணதுர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார். அந்த வெற்றி அவரை எங்கோ கொண்டுபோயிற்று. பாரனெட் பட்டம் வாங்கினார், கம்பெனிக்கே தலைவரானார். அவர் இறந்தபின் மனைவி 1784இல் லண்டன் ஷூட்டர்ஸ் ஹில்லில் அறுபது அடிக்கு மேல் உயரமான ஒரு முக்கோணக் கோபுரம் கட்டினார். பெயர் 'செவர்ண்ட்ரூக் காசில்'. சுவர்ணதுர்க் என்பது ஆங்கில நாக்கில் அப்படி ஆகிவிட்டது. இன்றும் நிற்கிறது, ஏறிப் பார்க்கலாம்.

மிச்சம் இருந்தது விஜயதுர்க். ஆங்கிலேயர்கள் 'கெரியா' என்பார்கள். மூன்று பக்கம் கடல், மும்மடி மதில், பின்னால் வாகோடண் ஆற்றின் கழிமுகம். அந்த மழைக்காலம் முடிந்தபோது ஆங்கிலேயருக்கு எதிர்பாராத அதிர்ஷ்டம் பம்பாயில் நங்கூரமிட்டிருந்தது. ரியர் அட்மிரல் சார்லஸ் வாட்சனின் அரசாங்கக் கப்பற்படை. கூடவே ராபர்ட் கிளைவ். ஆற்காட்டில் பேர் வாங்கி, சீமைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார்.

புறப்படுவதற்கு முன் அதிகாரிகள் கூடி ஒரு முக்கியமான விஷயத்தை விவாதித்தார்கள். போர்த் திட்டம் அல்ல, பங்கு. பிடிக்கப்போகும் சொத்தில் அட்மிரலுக்கு எவ்வளவு, கேப்டன்களுக்கு எவ்வளவு என்று சண்டைக்கு முன்பே பிரித்துக்கொண்டார்கள். தரைப்படைத் தலைவர் கிளைவுக்குக் கப்பல் கேப்டன்களின் வரிசையில்தான் பங்கு என்றதும் தரைப்படையினர் முறைத்துக்கொண்டார்கள். குறைவதைத் தன் பங்கிலிருந்து தருவதாக வாட்சன் சொல்ல, கிளைவ் பெருந்தன்மையாக மறுத்தார். அந்தப் பட்டியலில் கூட்டாளியான பேஷ்வாவின் பெயர் இல்லை.

1756 பிப்ரவரி 7ஆம் தேதி கப்பல்கள் கிளம்பின. கோட்டையைத் தரைப்பக்கம் மராட்டியப் படை ஏற்கெனவே சூழ்ந்திருந்தது. நிலைமையைப் புரிந்துகொண்ட துளாஜி, கோட்டையை மைத்துனரிடம் விட்டுவிட்டு மராட்டியர் பாசறைக்குப் பேச்சு நடத்தப் போயிருந்தார். வீட்டுச் சண்டையை வீட்டுக்குள் முடிக்க அது கடைசி வாய்ப்பு. பேச்சு முடிந்துவிட்டால் கொள்ளை போய்விடுமே என்ற கவலை ஆங்கிலேயருக்கு. 12ஆம் தேதி பிற்பகல் 'கென்ட்', 'கம்பர்லண்ட்' முதலிய கப்பல்கள் கழிமுகத்துக்குள் நுழைந்து வரிசையாக நின்று சுட ஆரம்பித்தன.

துளாஜியின் கப்பல்கள் கோட்டை மதிலுக்கு அடியில் ஒன்றோடொன்று கட்டப்பட்டு நின்றன. சுழன்று திரிந்து சண்டையிடுவதற்கென்று கட்டப்பட்டவை, கொட்டகையில் கட்டிய மாடுகள்போல நின்றன. ஒரு வெடிகுண்டு போய் விழுந்தது எதில் என்றால், ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த அதே 'ரெஸ்டோரேஷன்' கப்பலில். அது பற்றிக்கொண்டது. கயிறு அறுந்து தீ அடுத்த கப்பலுக்குத் தாவியது. மாலைக்குள் குராப்களும் ஐம்பது அறுபது கல்பத்துகளும் எரிந்து தீர்ந்தன. கரையில் பாதி கட்டிய நிலையில் இருந்த பெரிய கப்பல்களும் தப்பவில்லை. இரண்டு தலைமுறைகளாகச் சேர்ந்த கடற்படை ஒரே பிற்பகலில் போயிற்று. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது புனேயின் படை.

அன்றிரவே கிளைவ் தன் ஆட்களோடு கரையிறங்கினார். கோட்டையைத் தாக்குவதற்கு மட்டுமல்ல. கோட்டைக்கும் மராட்டியக் கூட்டாளிகளுக்கும் நடுவே நின்று, கூட்டாளிகளை உள்ளே விடாமல் தடுப்பதற்கு. மறுநாள் கோட்டை விழுந்தது. உள்ளே 200க்கும் மேற்பட்ட பீரங்கிகள், சுமார் 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பணமும் பொருளும். பம்பாயில் போட்ட கணக்குப்படி பிரித்துக்கொண்டார்கள். டார்ட்மவுத்தில் கப்பல் கரைசேர்ந்த நாள் போலவே இருந்திருக்கும். துளாஜியின் தாயும் மனைவியரும் பிள்ளைகளும் கோட்டைக்குள் இருந்தார்கள். வாட்சன் அவர்களிடம் கண்ணியமாக நடந்துகொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேஷ்வாவுக்குக் கோட்டையும் உடனே கிடைக்கவில்லை. துளாஜியோடு தனியாகப் பேசியதால் மராட்டியர்தான் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று பம்பாய் வாதாடியது. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் 1756 அக்டோபரில் கம்பெனியின் பிரதிநிதிகள் புனேக்கே வந்து இன்னொரு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் விஜயதுர்க் கைமாறியது. பாண்கோட் கம்பெனியிடமே நின்றது. டச்சுக்காரர்களை மராட்டிய நாட்டில் வியாபாரம் செய்யவிடுவதில்லை என்ற உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். துளாஜி பேஷ்வாவின் கோட்டைச் சிறைகளில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்து, சிறையிலேயே இறந்தார்.

வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கிலிருந்து கிழக்குக் கரைக்குப் போனார்கள். கிளைவ் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையில் கவர்னர் பதவி ஏற்றார். சிறிது காலத்தில் கல்கத்தா பறிபோன செய்தி வர, அதே கப்பல்களோடு சென்னையிலிருந்து வங்காளத்துக்கு. 1757 ஜூனில் பிளாசி. கொங்கணத்தில் வேலை இழுத்துக்கொண்டே போயிருந்தால் அந்தக் கப்பல்கள் நேரத்துக்குச் சென்னையில் இருந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. நானாசாகேப் 1761இல், பானிபட் தோல்வியின் துயரத்தில், பர்வதி குன்றில் கண்மூடினார்.

அதோடு மராட்டியரின் கடல் கதை முடிந்துவிட்டது என்று சொல்வது சரியல்ல. பேஷ்வாவே விஜயதுர்க்கில் ஒரு கடற்படை வைத்திருந்தார். அதன் தலைவர் ஆனந்தராவ் துளப் 1783 ஏப்ரலில் 'ரேஞ்சர்' என்ற ஆங்கிலேயக் கப்பலைக் கடும் சண்டைக்குப் பின் பிடித்தார். ஆனால் பம்பாயைத் தூங்கவிடாமல் செய்யும் பலம் திரும்பவில்லை. பிரைவேட்டியர் முறையை ஐரோப்பிய நாடுகள் கூடி ஒழித்தது 1856இல், பாரிஸில். விஜயதுர்க் எரிந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. அதற்குள் பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்தாகிவிட்டது.

பட்டம் மட்டும் மாறியிருக்கிறது. 1951இல் பம்பாயின் கடற்படைத் தளத்துக்கு இந்தியக் கடற்படை 'ஐ.என்.எஸ். ஆங்ரே' என்று பெயர் வைத்தது. ஆங்ரேயைப் பிடிக்கத் திட்டம் போட்ட பழைய பம்பாய் கோட்டை வளாகத்திலேயே அவர் சிலை நிற்கிறது. 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. நம் செஞ்சி அதில் ஒன்று. லோகட், காந்தேரி, சுவர்ணதுர்க், விஜயதுர்க் நான்கும் இருக்கின்றன. மளவ்லியில் இறங்கும் கூட்டம் இனி இன்னும் கூடும்.

அந்தப் பட்டியலில் சுவர்ணதுர்க்குக்கு இன்னொரு நாளும் உண்டு. 1802 அக்டோபர் 25ஆம் தேதி புனேக்கு வெளியே ஹடப்ஸரில் நடந்த போரில் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் வென்றார். நானாசாகேபின் தம்பி மகனான பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் தலைநகரை விட்டு ஓடினார். மலையிறங்கி, மகாட் வழியாக, கடைசியில் கடலோரத்தில் சுவர்ணதுர்க்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரை ஏற்றிக்கொண்டு போக ஒரு கப்பல் வந்தது. ஆங்கிலேயக் கப்பல். அது அவரை வசாயில் இறக்கியது. அங்கே டிசம்பர் 31ஆம் தேதி, கம்பெனிப் படையைத் தன் நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்து பேஷ்வா கையெழுத்துப் போட்டார்.